மாமாவின் நெத்திக்காசு

தேய்க்காதீங்க! ஏனுங்க, உங்களத்தானுங்க. அந்தக் காசைச் சட்டையில தேய்க்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மொதல்ல அதைக் கீழ வையுங்க. கீழன்னா தரையில இல்லீங்க. இந்தாங்க, என்ற கைக்குட்டை, பஞ்சுத் துணிதான். இதுமேல வையுங்க. ம்ம். இப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

மன்னிச்சுக்கங்க, சத்தம் போட்டுட்டேன். முன்னப்பின்ன தெரியாதவங்க கிட்ட அப்பிடிப் பேசப்படாதுதான். ஆனா பக்கத்துச் சேர்ல உக்காந்து ஒருத்தர் பச்சக் கொழந்தையக் கிள்ளிக்கிட்டு இருந்தா நீங்க சும்மா இருப்பீங்களா? எனக்கு அப்பிடித்தான் இருந்துச்சு.

காசுன்னா ஓரத்தப் புடிக்கோணுமுங்க. சுடச்சுட காப்பி ஊத்துன டம்ளர எப்பிடிப் புடிப்பீங்க? விளிம்புல, ரெண்டு விரல்ல. அப்பிடி. மொகத்துல விரலே படப்படாது. நம்ம கையில இருக்கற வேர்வை, எண்ணெய், உப்பு எல்லாம் அதுமேல ஒட்டிக்கிட்டு மெதுவா அரிச்சுப்போடும். காசுக்கு மேல பேசவே கூடாது, எச்சி தெறிக்கும். நான் ஊட்டுல காசு பாக்கறப்ப வாயில துணி கட்டிக்குவேன். எங்கூட்டுக்காரி பூங்கொடி இருக்கறாளே, அந்த நேரம் பாத்துத்தான் அவ கொறையெல்லாம் சொல்லுவா. பதில் சொல்ல முடியாதுங்களே.

கருப்பா இருக்குதேன்னு பாக்கறீங்களா? அது அழுக்கு இல்லீங்க, அது வயசு. அதத் தேச்சு எடுத்தீங்கன்னா பளபளன்னு ஆயிரும், மதிப்புப் பாதியாப் போயிரும். புளி போடறது, விபூதி போட்டுத் தேய்க்கறது, பல்லுப் பொடி போடறது, இதெல்லாம் காசுக்குச் செய்யற கொலைங்க.

நாம பாக்க வந்திருக்கற, பழைய காசுக்கு மதிப்புச் சொல்றவரு இப்பத்தான் டீ குடிக்கப் போயிருக்கறாரு. அவரு வாரதுக்குள்ள எனக்கு நடந்த கொடுமையைச் சொல்லிப்போடறேன், கேளுங்க. எதிரிக்குக்கூட அப்பிடி நடக்கப்படாது.

எம்பேரு அர்த்தநாரிங்க. பெருந்துறையில மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கேன். தொழில் அது, உசுரு இது. என்கிட்ட ஒரு காசு இருந்துச்சுங்க. ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூவா. வருசம்... கொஞ்சம் கிட்ட வாங்க, மெதுவாச் சொல்றேன். முப்பத்தொம்போது. ஆயிரத்தித் தொளாயிரத்தி முப்பத்தொம்போதுங்க! முப்பத்தெட்டு வேணும்னா கூடையில அள்ளலாம், வெள்ளி வெலைக்கு மேல கொஞ்சம் கெடைக்கும், அவ்வளவுதான். முப்பத்தொம்போது அப்பிடி இல்லீங்க. லச்சத்துல போகும். ஒரே ஒரு வருசந்தான் வித்தியாசம். அந்த ஒரு வருசத்துலதான் எல்லாமே இருக்குது.

எங்க கெடைச்சுதுன்னு கேக்கறீங்களா? சித்தோட்டுச் சந்தையில. பூண்டு விக்கறவன் ஒருத்தன் தராசுக்குப் பக்கத்துல பழைய காசுகளச் சீட்டுக்கட்டாட்டம் பரப்பி வெச்சிருந்தான். ஆயிரம் ரூவா சொன்னான். நான் அறுநூறுக்கு அடிச்சுப் பேசி வாங்கிட்டேன். பாவம், அவனுக்கு மதிப்புத் தெரியல. அதே முப்பத்தொம்போதுல இன்னும் மூணு வெச்சிருந்தானுங்க! இத்தன அபூர்வமான காசு ஒருத்தன் கிட்டயே நாலு இருந்துச்சுன்னா, அவனுக்கு எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம் பாருங்க. அடுத்த வாரம் போனேன், ஆளக் காணோம். பூண்டு யாவாரத்த உட்டுட்டு எங்கியோ போயிட்டானாம்.

இல்லீங்க, யாருகிட்டயும் காட்டல. காட்டுனாக் கண்ணு பட்டுரும். பீரோவுல என்ற கலியாண வேட்டிக்கு அடியில, ஒரு டப்பாவுல, பஞ்சு வெச்சு, ஈரம் இழுக்கறதுக்குப் புதுச் செருப்பு டப்பாவுல போட்டுத் தருவாங்களே சின்னச் சின்னப் பொட்டலம், அதையும் வெச்சு, காத்துக்கூடப் படாம வெச்சிருந்தேன்.

இப்பிடி இருக்கறப்பத்தான் எங்க மாமா தவறிப்போனாரு. மாமான்னா மாமனாரு, கொழந்தைசாமின்னு பேரு. அதே வீதியில, எங்கூட்டுக்கு எதுத்தாப்புல இருந்தாரு. நல்ல மனுசன். காலையில காப்பி குடிச்சாரு, டம்ளரக் கழுவிக் கவுத்து வெச்சாரு, கட்டல்ல சாஞ்சாரு, அவ்வளவுதான். எனக்கும் அவருக்கும் பெருசாப் பேச்சு இருந்ததில்லீங்க. "வாங்க மாப்ளே"ம்பாரு, "சரிங்க மாமா"ம்பேன். "எங்கப்பனுக்கு ஒரு நாளாச்சு ஒரு எளநி வாங்கிட்டுப் போயிருப்பீங்களா?"ன்னு பூங்கொடி கேப்பா. எதுத்தூட்டுல இருக்கறவருக்கு எளநி எப்பிடிங்க வாங்கிட்டுப் போறது? தூரத்துல இருந்தா வாங்கிட்டுப் போலாம்.

நான் ஐஸ் பொட்டிக்கும் பந்தலுக்கும் சொல்லப் போயிருந்தேனுங்க. அந்த நேரத்துல இங்க என்ன ஆச்சுன்னா, மாமாவோட தங்கச்சி ஒருத்தங்க இருக்கறாங்க, நல்லாத்தா அத்தைன்னு. எழவுன்னா அவங்கதான் எல்லாம். அவங்க நெத்தியில சந்தனம் வெச்சுட்டு, "ஒரு ரூவாக் காசு குடுங்க, நெத்திக்கு வெக்கோணும்"னு கேட்டிருக்காங்க. யாருகிட்டயும் இல்ல! ஊடு நெறையச் சொந்தபந்தம், ஒறம்பரை, ஒருத்தர் சட்டை ஜோப்புலயும் சில்லறை இல்ல. எல்லாரும் போனத் தொடச்சுத் தொடச்சுக் காட்டறாங்க. என்ற மச்சினன் ஈஸ்வரமூர்த்தி, "அத்தே, ஜிபேல போட்டு உடட்டுமா?"ன்னு கேட்டிருக்கான், அழுதுக்கிட்டே. கடைசியில கார் டிரைவர் கிட்ட ஒரு புது ரூவா கெடைச்சிருக்குது. அது மாத்திரை கணக்கா இருக்குமே, நெத்தியில நிக்காம வழுக்கி வழுக்கிக் காதுக்குள்ள போயிருச்சாம்.

அத்தைக்குக் கோவம் வந்துருச்சு. "எத்தாம் பெரிய மனுசன், அவருக்கு இந்தப் பொட்டுக்காசா? பழைய ரூவா ஒண்ணு கொண்டாங்க"ன்னு சத்தம் போட்டிருக்காங்க. பூங்கொடி ஒரே ஓட்டமா எங்கூட்டுக்கு ஓடியிருக்கறா.

நான் திரும்பி வந்து கூட்டத்த வெலக்கிட்டுப் பாத்தேனுங்க. மாமா படுத்திருக்கறாரு. நெத்தியில ஈரச் சந்தனம். அந்தச் சந்தனத்துல ஜார்ஜ் மன்னரு மல்லாக்கப் படுத்திருக்கறாரு.

"ஐயோ!"ன்னு ஒரு கத்துக் கத்துனேன் பாருங்க. அதுவரைக்கும் அழுதுக்கிட்டிருந்த பொம்பளைங்கெல்லாம் நிறுத்திட்டு என்னப் பாத்தாங்க. அப்பிடி ஒரு சத்தத்த அந்த ஊட்டுல யாரும் போடல. நேரா மாமா மேல உழுந்தேன். உழுந்து, ரெண்டு விரல்ல ஓரமாப் புடிச்சு எடுக்கலாம்னு பாத்தா, பின்னால இருந்து நாலு பேரு என்ன அள்ளித் தூக்கிட்டாங்க. "உடுங்க, உடுங்க, மாமா நெத்தி, மாமா நெத்தி"ன்னு நான் கதறறேன். "பாவம், நெத்தியில முத்தம் குடுக்கப் பாக்கறாரு"ன்னு ஒரு கெழவரு சொல்றாரு.

பூங்கொடியத் தனியாக் கூட்டிட்டுப் போயி, "எந்த டப்பாவுல எடுத்தே?"ன்னு கேட்டேன். "வேட்டிக்கு அடியில இருந்துச்சு. மத்ததெல்லாம் பளபளன்னு இருந்துச்சுங்க, உங்களுக்கு ஆகும். இதுதான் கருப்பா, பழசா இருந்துச்சு"ன்னா. என்ன சொல்றது சொல்லுங்க. அப்பன் செத்த வருத்தத்துல இருக்கறா. அப்பவும் எனக்குப் பிரயோசனமானத உட்டுட்டு எடுத்திருக்கறா.

நல்லாத்தா அத்தை கிட்டப் போயி, "அத்தே, அந்தக் காச எடுத்துட்டு வேற ஒண்ணு வெச்சுக்கலாமுங்களா?"ன்னு மெதுவாக் கேட்டேன். அவங்க என்ன ஒரு பார்வை பாத்தாங்க. "நெத்தியில வெச்சத மயானத்துலதான் எடுக்கோணும் மாப்ளே. நடுவுல எடுத்தா அது அடுத்த நெத்தியத் தேடுமாம்"ன்னாங்க. சொல்லிப்போட்டு என்ற நெத்தியவே பாத்தாங்க.

அப்பறம் ஐஸ் பொட்டி வந்துச்சு. உள்ளாற படுக்க வெச்சு மூடுனாங்க. கொஞ்ச நேரத்துல கண்ணாடியில பனித்தண்ணி கோத்துக்கிச்சுங்க. வெள்ளிக்கு ஈரம் ஆகாதுங்களே! ஊட்டுக்கு ஓடிப் போயி அந்த ஈரம் இழுக்கற பொட்டலம் இருந்ததையெல்லாம் அள்ளிட்டு வந்தேன். மூடியத் தொறந்து மாமா தலையச் சுத்தி வரிசையா அடுக்கினேன். காது ஓரம் ரெண்டு, மோவாய்க்குக் கீழ ஒண்ணு.

"என்னங்க மாப்ளே இது?"ன்னு அத்தை கேட்டாங்க.

"மாமாவுக்கு ஈரம் ஆகாதுங்க அத்தே."

அத்தைக்கு அழுகையில வாய் கோணிருச்சு. "ஆமாஞ்சாமி, எங்கண்ணனுக்கு எப்பவும் சளித் தொந்தரவுதான். பெத்த மகனுக்குக்கூட இது தோணலையே"ன்னு சொல்லி ஈஸ்வரமூர்த்தியப் பாத்தாங்க. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

அதோட நின்னிருந்தாப் பரவாயில்ல. எடுக்கறதுக்கு முன்னால குளிப்பாட்டோணுமுங்களே. எண்ணெயும் அரப்பும் கலக்கி வெச்சிருக்கறாங்க. குளிப்பாட்டறப்ப நெத்தியில காசு நிக்காது, எடுத்துத்தான் ஆகோணும். சரி, இதுதான் சமயம்னு நான் கைக்குட்டைய விரிச்சுக்கிட்டு, "குடுங்க அத்தே, நான் வெச்சிருக்கறேன்"னு நீட்டினேன். அத்தை, நெத்திக்காசு கை மாறப்படாதுன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அதை எடுத்து... எனக்குச் சொல்லவே நாக்குக் கூசுதுங்க... வாயில போட்டுக்கிட்டாங்க! வாய் நெறைய வெத்தலை. வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு. அந்தக் கன்னத்துல இருந்து இந்தக் கன்னத்துக்கு உருட்டிக்கிட்டே, "தண்ணி ஊத்துங்க"ன்னு வேலை சொல்றாங்க. ஜார்ஜ் மன்னரு பல்லுல இடிபடற சத்தம் எனக்கு இங்க கேக்குது. டக்கு, டக்குன்னு.

குளிப்பாட்டி முடிஞ்சதும் துப்பி எடுத்து, சேலைத் தலப்புல நல்லா அழுத்தித் தொடைச்சு, மறுபடி சந்தனம் வெச்சு ஒட்டுனாங்க. நான் அங்கயே சொவத்துல சாஞ்சு உக்காந்துட்டேன். ஒவ்வொருத்தரா வந்து எனக்கு விசிறி விட்டாங்க. சோடா ஒடைச்சுக் குடுத்தாங்க.

பன்னீர் தெளிக்க வந்தவனத் தள்ளி உட்டேன். மால போடறவங்களையெல்லாம், "காலுக்குப் போடுங்க, காலுக்குப் போடுங்க, மாமாவுக்குத் தலையில பாரம் ஆகாது"ன்னு திருப்பி உட்டேன். அவருக்குக் காலடியில மாலை குமிஞ்சு கெடந்துச்சு. தலைமாட்டுல நான் ஒருத்தன் மட்டும் நிக்கறேன், நெத்தியவே பாத்துக்கிட்டு. கண்ணுச் சிமிட்டலீங்க. சிமிட்டாம இருந்தாத் தண்ணி வருமில்லீங்களா, அது பாட்டுக்கு வழியுது.

தூக்கிட்டுப் போறப்பக் குலுக்கல்ல காசு உழுந்துருமோன்னு பயம். எல்லாரும் முன்ன பாத்து நடப்பாங்க, நான் பின்னப் பாத்து நடந்தேன். மாமா மொகத்தப் பாத்துக்கிட்டே, வழியெல்லாம் பின்னங்கால்ல. "மெதுவாங்க! பள்ளமுங்க! எடது பக்கம் தூக்குங்க!"ன்னு சொல்லிக்கிட்டே போறேன். தாரை தப்பட்டைக்காரங்க வேகமா அடிச்சாங்க, ஆடறவங்க குலுங்குனாங்க. "நிறுத்துங்கய்யா! மனுசன் அலுங்கறாரு!"ன்னு நான் போட்ட சத்தத்துல அடிக்கறதையே நிறுத்திப்போட்டாங்க. எங்க பக்கத்துல சத்தமே இல்லாமப் போன ஒரே எழவு அதுதானுங்க. மருமகன்னா இப்பிடி இருக்கோணும்னு வீதியில நின்ன சனமெல்லாம் பேசிக்கிட்டாங்க. எனக்கு எங்க அதெல்லாம் காதுல உழுகுது?

மயானத்துல அந்த நெத்திக்காசு அங்க வேலை பாக்கறவருக்குன்னு கணக்கு. அவரு எடுத்துக் கையில வெச்சாரு. நான் அவரத் தனியா ஓரங்கட்டி, "அண்ணா, அந்தக் காச எனக்குக் குடுங்க, ஐநூறு தாரேன்"னேன். மெதுவாத்தான் சொன்னேன். அவரு, "ஏனுங்க, ஒத்த ரூவாய்க்கு ஐநூறா?"ன்னு ஊரே கேக்கக் கேட்டுப்போட்டாரு.

ஈஸ்வரமூர்த்தி திரும்பிப் பாத்தான். அவன் மொட்டத் தலையோட, ஈர வேட்டியோட எங்கிட்ட வந்தான். வந்து என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "மச்சான், எங்கப்பன் நெத்திக்காசு வேணும்னு கேக்கறீங்களா? நான் உங்களத் தப்பா நெனச்சிருந்தேன் மச்சான். பொண்ணக் கட்டிக்கிட்டு எங்கப்பன எட்டிக்கூடப் பாக்க மாட்டீங்கறீங்கன்னு ஒரு நாளில்லாம ஒரு நாளு பூங்கொடி அக்கா கிட்டப் பேசியிருக்கேன்"னு விம்மறான். விம்மிக்கிட்டே அந்த மயானத்துக்காரருக்கு ஆயிரம் ரூவா குடுத்து அந்தக் காச வாங்கிட்டான்.

"குடு ஈஸ்வரா"ன்னேன்.

"இப்பிடி வெறுங்காசாவா குடுப்பேன்? பொறுங்க மச்சான்"னு சொல்லிப்போட்டு, பைக் சாவியோட ஒட்டுக்கா அதையும் மடியில முடிஞ்சுக்கிட்டான். சாவியோடங்க!

கருமாதி வரைக்கும் நான் தூங்கல. தெனமும் அவன் ஊட்டுக்குப் போவேன். போய் உக்காந்துக்கிட்டே இருப்பேன். "என்னங்க மச்சான்?"ம்பான். "சும்மாத்தான், மனசு கேக்கல"ம்பேன். அவன் உடனே மாமா படத்தப் பாத்து அழுவான். நானும் கூட உக்காந்திருப்பேன். காசு எங்கன்னு கேக்க வாய் எடுத்தா, "உங்களுக்குத்தான் மச்சான், உங்களுக்குத்தான்"னு தோளத் தட்டுவான். மாமா உசுரோட இருந்தப்ப அந்த ஊட்டுல நான் அத்தன நேரம் உக்காந்ததில்லீங்க. ஒரு நாளு அவரு உபயோகிச்ச அந்தக் காப்பி டம்ளர்ல எனக்குக் காப்பி குடுத்தாங்க. என்னமோ மாதிரி இருந்துச்சு. சூடா இருந்ததுன்னு நெனைக்கறேன்.

கருமாதியும் வந்துச்சு. பந்தல் நெறையச் சனம். எல்லாம் முடிஞ்சு சாப்பாட்டுக்கு எலை போடறதுக்கு முன்னால, ஈஸ்வரமூர்த்தி மைக்கப் புடிச்சு, "எங்க மச்சானுக்கு ஒரு மரியாதை செய்யோணும்"னான். என்ன முன்னால கூப்பிட்டு நிறுத்துனாங்க. நல்லாத்தா அத்தை ஒரு தாம்பாளத்துல வெத்தலை வெச்சு, அதுமேல சின்ன டப்பா ஒண்ணு வெச்சு எடுத்துட்டு வந்தாங்க. தொறந்தான்.

வெள்ளிச் சங்கிலி. அதுல டாலரு. என்ற ரூவா.

காசு மேல காது பத்தவெச்சிருக்கறாங்க. மேல ஒரு வளையம், அத ஒட்டறதுக்கு நெருப்புல காச்சியிருக்கறாங்க. ஒட்டிட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணியில போட்டு, பிரஷ் போட்டுத் தேச்சு, கண்ணு கூசற மாதிரி மினுமினுன்னு! அந்தக் கருப்பு, அந்த வயசு, அத்தனையும் போச்சு. ஜார்ஜ் மன்னரு மூக்கு மழுங்கி நேத்துப் பொறந்த கொழந்தையாட்டம் இருக்கறாரு. "ஒரே அழுக்கா இருந்துச்சு மச்சான், ஆசாரி கிட்டச் சொல்லிப் புதுசாக்கிட்டேன்"கறான், பெருமையா.

அதுகூடப் பொறுத்துக்குவேனுங்க. கழுத்துல போட்டு உட்டதும், திருப்பி வருசத்தப் பாத்தேன்.

முப்பத்தெட்டு.

மறுபடி பாத்தேன். கண்ணாடியத் தொடைச்சுப் போட்டுப் பாத்தேன். முப்பத்தெட்டுதானுங்க! "ஈஸ்வரா, இது என்னடா?"ன்னேன். அவன் கிட்ட வந்து பாத்துட்டு, "ஓ, அதுங்களா மச்சான்? சூடு காட்டுனப்ப அந்தக் கடைசி எண்ணு மேல ஒட்டியிருந்த ஏதோ துணுக்கு ஒண்ணு கழண்டு உழுந்துச்சாம். பழைய ஈயமோ, அழுக்கோன்னு ஆசாரி ஊதி உட்டுட்டாராம்"கறான்.

நீங்களே சொல்லுங்க. படிச்சவராட்டம் இருக்கறீங்க. வெள்ளி சூட்டுல சுருங்குமுங்களா, சுருங்காதுங்களா? சுருங்கும். ஒம்போது சுருங்குனா என்ன ஆகும்? எட்டுதானுங்களே ஆகும்! அந்த ஆசாரி கொஞ்சம் சூட்டக் கொறைச்சுக் காட்டியிருந்தா இந்தக் கெதி வந்திருக்காது. இதத்தான் இந்த மதிப்புச் சொல்றவரு கிட்டக் கேட்டு எழுதி வாங்கிட்டுப் போலாம்னு வந்திருக்கறேன். என்ன, சிரிக்கறீங்களா? இருமலா? சரி, சரி, தண்ணி குடிங்க. காசுப் பக்கம் இருமாதீங்க.

அந்தப் பந்தல்ல அத்தன பேரு முன்னால எனக்கு அழுகை வந்துச்சு பாருங்க, அது நெசமான அழுகைங்க. எழவன்னிக்கு வந்ததெல்லாம் கண்ணுத்தண்ணி. இது அடிவயித்துல இருந்து வந்துச்சு. அந்த டாலரக் கையில புடிச்சுக்கிட்டு, "ஒரு வருசம் போச்சே! ஐயோ, ஒரு வருசம் போச்சே!"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு அழுதேன்.

நல்லாத்தா அத்தை ஓடியாந்து என்ற தலையத் தோள்ல சாச்சுக்கிட்டாங்க. "ஆமாஞ்சாமி, ஆமா. இன்னும் ஒரே ஒரு வருசம் இருந்திருந்தா எங்கண்ணன் தொண்ணூறு பாத்திருப்பாரே!"ன்னு அவங்க ஒப்பாரிய எடுத்தாங்க. பூங்கொடி வந்து எங்கையப் புடிச்சுக்கிட்டா. கலியாணம் ஆனதுல இருந்து அவ என்ன அப்பிடி ஒரு பார்வை பாத்ததில்லீங்க. ஈஸ்வரமூர்த்தி அழறான், சமையக்காரன் கரண்டியோட நின்னு அழறான், பந்தலே அழுகுது.

ஆனா ஒண்ணு சொல்றேனுங்க. அத்தன ஒறம்பரையில, அந்த ஒரு வருசத்தோட மதிப்பு என்னன்னு தெரிஞ்சு அழுதவன் நான் ஒருத்தன்தான்.